ஆற்றில் போட்ட தமிழ், குளத்தில் தேடும் இங்கிலீஷ்

கார்த்திகைக்கு மூன்று வாரம் இருக்கும்போது அகல் விளக்கு வாங்க விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டைப் பக்கம் போயிருந்தேன். சின்னப் பட்டறை. அச்சிலிருந்து எடுத்த விளக்குகளின் ஓரத்துப் பிசிறை ஈரப் பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்த பெண், கையைப் புடவையில் துடைத்துவிட்டு எழுந்து வந்தார். விலை சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். ஒயர்க் கூடையிலிருந்து ஒரு ஸ்கூல் டைரியை எடுத்து நீட்டினார்.

"சார், இதுல மிஸ்ஸு என்னமோ எழுதி உட்டுருக்காங்க. கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க சார்."

நாலு வரி இங்கிலீஷ். உங்கள் குழந்தை வகுப்பில் தமிழில் பேசுகிறாள். இனிமேல் வீட்டில் அவளிடம் இங்கிலீஷில் மட்டும் பேசவும். தமிழ் டிவி காட்ட வேண்டாம். படித்ததற்கு அடையாளமாகக் கையெழுத்துப் போட்டு அனுப்பவும். இங்கிலீஷ் படிக்கத் தெரியாத ஒரு தாய்க்கு, இங்கிலீஷில் பேசும்படி, இங்கிலீஷில் எழுதப்பட்ட ஆணை. அதில் இரண்டு எழுத்துப்பிழை இருந்தது. அதை மட்டும் நான் அவருக்கு மொழிபெயர்த்துச் சொல்லவில்லை.

அவர் கொஞ்ச நேரம் டைரியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "எனக்கு இங்கிலீஷ் தெரிஞ்சா நான் ஏன் சார் அங்க காசு கட்றேன்?"

மெட்ராஸில் ஏசி அறையில் உட்கார்ந்து மொழிக்கொள்கை வகுப்பவர்கள் இந்த ஒரு கேள்வியை அச்சடித்து மேசைக் கண்ணாடிக்குக் கீழே வைத்துக்கொள்ளலாம். வைக்க மாட்டார்கள்.

சரி, இருக்கிறதைப் பார்ப்போம் என்று இருவருமாகச் சேர்ந்து அவர் கைவசம் இருந்த இங்கிலீஷைக் கணக்கெடுத்தோம். கம். கோ. சிட். ஈட். நோ. வெரி குட். அவ்வளவுதான். எல்லாமே அதட்டல், கடைசியில் ஒரு தட்டிக்கொடுத்தல். இதே சொற்களை வைத்துக்கொண்டுதான் நம் பக்கத்து வசதியான வீடுகளில் நாய் வளர்க்கிறார்கள். தமிழ்நாட்டில் நாய்க்கு எப்போதும் இங்கிலீஷ்தான். 'உட்காரு' என்றால் உட்காராது, 'சிட்' என்றால் உட்காரும். அந்தப் பாடத்திட்டத்துக்குத்தான் இப்போது ஐந்து வயதுப் பிள்ளைகளை மாற்றிக்கொண்டிருக்கிறோம், பருவத்துக்குப் பருவம் கட்டணம் கட்டி.

"ராத்திரி பாப்பாவ எப்படித் தூங்க வப்பீங்க?"

"கததான் சார். எங்க ஆயா எனக்குச் சொன்ன கதைங்க." ஒரு நொடி நின்றார். "இனிமே சொல்லலாமா, கூடாதா சார்?"

தன் பிள்ளைக்குக் கதை சொல்ல ஒரு தாய் வழிப்போக்கனிடம் அனுமதி கேட்டாள். எனக்கு அந்த நேரம் வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். பக்குவமான நடையை எதிர்பார்ப்பவர்கள் அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம்.

இந்த ஊருக்கு ஒரு பழைய கதை உண்டு. ஊர் அப்போது திருமுதுகுன்றம். சுந்தரர் இங்கே வந்து பழமலைநாதரைப் பாடி 12,000 பொன் வாங்கினார். அத்தனையையும் தூக்கிக்கொண்டு திருவாரூர் போவது எப்படி? மணிமுத்தாற்றில் போடு, ஆரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்துக்கொள் என்றது இறைவன் வாக்கு. போட்டார். போய்த் தேடினார். உடனே கிடைக்கவில்லை, மனைவி பரவையார் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, பாடிய பிறகுதான் வந்தது. வந்ததும் மாற்று குறைவு. மறுபடி பாடித்தான் சரியாயிற்று. ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுகிற பேச்சு இங்கிருந்து போனதுதான்.

இதில் எல்லாரும் மறந்துவிடுகிற ஒரு விவரம் உண்டு. பொன்னை ஆற்றில் விடுவதற்கு முன் சுந்தரர் ஒரு துண்டு வெட்டிக் கையில் வைத்துக்கொண்டார், மச்சம் என்று. குளத்தில் எடுத்த பொன்னை அதோடு உரசிப் பார்த்துத்தான் மாற்றுக் குறைவைக் கண்டுபிடித்தார்கள். தம்பிரான் தோழர் என்று பெயர் வாங்கிய சுந்தரருக்கே அந்த எச்சரிக்கை இருந்தது. நமக்கு இல்லை. நாம் பிள்ளையின் நாக்கில் இருந்த தமிழ் முழுவதையும் மணிமுத்தாற்றில் கொட்டிவிட்டு, பத்து வருஷம் கழித்து எங்கேயோ ஒரு குளத்தில் இங்கிலீஷாக எடுக்கலாம் என்று கரையில் நிற்கிறோம். எடுத்தது பொன்னா பித்தளையா என்று உரசிப் பார்க்கக் கையில் ஒரு துண்டுகூடக் கிடையாது. மணிமுத்தாற்றில் பெரும்பாலான மாதங்கள் தண்ணீரும் கிடையாது என்பது வேறு.

இந்த இடத்தில் தமிழறிஞர்கள் கைதட்ட ஆரம்பிப்பார்கள். தட்ட வேண்டாம். ஏழை வீட்டுப் பிள்ளைக்கு இங்கிலீஷ் எதற்கு என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்கிறவன், தான் மாடிக்கு ஏறிய பிறகு ஏணியை இழுத்துக்கொள்கிறவன். பீங்கான் பட்டறையில் நாள் முழுக்கக் குந்தியிருந்து இடுப்பு ஒடிந்த பெண்ணுக்கு, தன் மகள் மேஜைக்குப் பின்னால் நாற்காலியில் உட்கார வேண்டும் என்று ஆசை இருக்கிறது. அந்த நாற்காலியில் இருப்பவன் எந்த மொழியில் கையெழுத்துப் போடுகிறான் என்பதை அவர் பார்த்திருக்கிறார். பேங்கில் பார்த்தார், ஆஸ்பத்திரிச் சீட்டில் பார்த்தார், கோர்ட் காகிதத்தில் பார்த்தார். அவருடைய கணக்கில் பிழையே இல்லை. அந்தக் கணக்கை வைத்து அவரை ஏமாற்றுகிறவர்களைப் பற்றித்தான் பேச்சு.

என் கையும் சுத்தமில்லை. என் மகன் டை கட்டிக்கொண்டு வேனில் ஏறிப்போன நாளில் போட்டோ எடுத்தவன் நான்தான். மாலையில் அவன் "வாட்டர் வேணும்" என்றபோது பக்கத்து வீட்டாருக்குக் கேட்கும்படி "என்ன வேணும், இன்னொரு தடவ சொல்லு" என்று கேட்டவனும் நான்தான்.

இப்போது கடைகளைப் பார்ப்போம். பள்ளி என்று சொல்ல வாய் வரவில்லை. நம் பக்கத்தில் புதிதாகத் திறக்கிற எதற்கும் இங்கிலாந்துப் பல்கலைக்கழகம் ஒன்றின் பெயரோ, தாளாளரின் தாயார் பெயரோ முன்னால் இருக்கும், பின்னால் 'இன்டர்நேஷனல்' என்று இருக்கும். பொய் என்று சொல்ல முடியாது. வேப்பூர், பெண்ணாடம், மங்கலம்பேட்டை என்று எல்லை தாண்டியெல்லாம் வேன் வருகிறதே. சேர்க்கையின்போது பிள்ளையையோ பெற்றோரையோ சோதித்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்று 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 13ஆவது பிரிவு சொல்கிறது. சட்டத்தை மதிக்கிறவர்கள் அல்லவா, அதனால் இன்டர்வியூ என்ற பெயரை எடுத்துவிட்டார்கள். இப்போது அதற்குப் பெயர் 'இன்டராக்ஷன்'. அம்மா அப்பா என்ன படித்திருக்கிறார்கள் என்று கேட்பார்கள். பத்தாவது என்றால் ஒரு பெருமூச்சு விடுவார்கள். அந்தப் பெருமூச்சுக்குத் தனிக் கட்டணம் இல்லை.

உள்ளே என்ன நடக்கிறது? மிஸ்ஸும் நம் ஊர்ப் பெண்தான். தமிழ்வழியில் படித்து, தபாலில் ஒரு பட்டம் வாங்கி, கல்யாணத்துக்கு முன்னால் ஒன்றிரண்டு வருஷம் வேலைக்கு வந்தவர். அவருக்குக் கொடுக்கிற சம்பளத்தைக் கேட்டால் பட்டறைப் பெண்ணே பரிதாபப்படுவார். அவருக்கு இங்கிலீஷில் ஒரு சண்டை போடத் தெரியாது, ஒரு பொய் சொல்லத் தெரியாது, அழுகிற பிள்ளையைச் சமாதானம் செய்யத் தெரியாது. யாரும் அவருக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. அவரிடம் இருப்பதும் கம், கோ, சிட்தான். கூடவே 'கீப் கொயட்'. ஆக, தாய்க்குத் தெரியாத மொழியை, அதே அளவுக்குத் தெரியாத இன்னொருவர், ஐம்பது பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்துக் கற்றுக்கொடுக்கிறார். வாய் திறக்காமலிருப்பதுதான் அங்கே பயிற்சிமொழி.

பாட்டு வேறு இருக்கிறது. மழைக்காக அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற ஊரில் பிள்ளைகள் கைதட்டி மழையைத் திரும்பிப் போகச் சொல்கிறார்கள். லண்டனில் ஏதோ பாலம் விழுவதற்கு இங்கே துள்ளிக் குதிக்கிறார்கள். ஊரைச் சுற்றி முந்திரித் தோப்பு. முந்திரி ஆராய்ச்சிக்கென்றே இந்த ஊரில் அரசு நிலையம் இருக்கிறது, வி.ஆர்.ஐ. என்று இந்த ஊர்ப் பெயரில் ரகம் ரகமாக வெளியிட்டிருக்கிறார்கள். ஆனால் பிள்ளையின் படப் புத்தகத்தில் பழம் என்றால் ஆப்பிள். மூக்குக்குக் கீழே கொட்டை தொங்குகிற முந்திரிப் பழத்துக்கு அங்கே இடமில்லை. பிள்ளை தன்னைச் சுற்றிக் காண்கிற ஒன்றுக்கும் புதுமொழியில் பெயர் தெரியாது. பெயர் தெரிந்த ஒன்றையும் கண்டதில்லை.

அரசுப் பள்ளி என்ன செய்தது என்று கேட்பீர்கள். தனியாருக்குப் பிள்ளைகள் போகிறார்கள் என்று அரசு கவலைப்பட்டது. கவலைப்பட்டுத் தன் பள்ளிகளைச் சரி செய்தது என்று நினைத்தால் நீங்கள் வேறு மாநிலம். 2012-13இலிருந்து அரசுப் பள்ளிகளில் ஒன்றாம் வகுப்பிலிருந்தே இங்கிலீஷ் வழி என்று பிரிவு தொடங்கினார்கள். அதே கட்டடம், அதே பெஞ்சு, பல இடங்களில் அதே ஆசிரியர். தமிழ்வழிக்கும் இங்கிலீஷ் வழிக்கும் நடுவே இருந்தது ஒரு சாக்பீஸ் கோடு. 2019 ஜனவரியில், நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இயங்கிய 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வந்தது. அவற்றுக்கு உபரியாக இருந்த இடைநிலை ஆசிரியர்களை அனுப்பினார்கள். மூன்று வயதுப் பிள்ளையைக் கையாளும் பயிற்சி தங்களுக்கு இல்லை என்று அவர்கள் எதிர்த்தார்கள், நீதிமன்றம் வரை போனார்கள். 2022 ஜூனில் இந்த வகுப்புகளே இனி இல்லை என்றார்கள். கூச்சல் எழுந்தது. அதே மாதத்தில் உண்டு என்றார்கள். அதற்குப் பிறகு தற்காலிக ஆசிரியர்கள், மாதம் 5,000 ரூபாய் தொகுப்பூதியம்.

மாதத்துக்கு இருபத்திரண்டு வேலை நாள் என்று வைத்து வகுத்துப் பாருங்கள், நாளுக்கு 227 ரூபாய் வருகிறது. அதே 2022-23இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவித்த கூலி 281. ஏரி மண்ணை அள்ளுவதற்குக் கொடுப்பதைவிடக் குறைவான கூலியில், ஒரு குழந்தையின் வாயில் இரண்டாவது மொழியை வைக்க ஆள் எடுத்திருக்கிறோம். ஏரி வேலையை நான் குறைத்துச் சொல்லவில்லை. அதில் மண்ணாவது அள்ளப்படுகிறது.

சட்டப் புத்தகத்தைப் புரட்டினால் இன்னும் வேடிக்கை. 1999 நவம்பரில் யுனெஸ்கோ பிப்ரவரி 21ஐத் தாய்மொழி நாள் என்று அறிவித்தது. அதே மாதம் தமிழ்நாடு அரசு, ஐந்தாம் வகுப்பு வரை தமிழ் அல்லது தாய்மொழிதான் பயிற்றுமொழி என்று ஆணை போட்டது. மெட்ரிக் பள்ளிக்காரர்கள் நீதிமன்றம் போனார்கள். 2000இல் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2009இல் வந்த கல்வி உரிமைச் சட்டம் தன் 29ஆவது பிரிவில், கூடியவரை தாய்மொழியிலேயே கற்பிக்க வேண்டும் என்கிறது. அதே சட்டத்தின் 12ஆவது பிரிவு, நலிந்த வீட்டுப் பிள்ளைகளைத் தனியார் பள்ளியில் நாலில் ஒரு பங்கு இடத்தில் சேர்த்து அரசே பணம் கட்டச் சொல்கிறது. தமிழ்நாட்டில் அந்த இடங்கள் எந்த வழியில் இருக்கின்றன என்று சொல்லத் தேவையில்லை. ஒரு கை தாய்மொழி என்று எழுதுகிறது, மறு கை இங்கிலீஷுக்குச் செக் எழுதுகிறது, இரண்டும் ஒரே சட்டத்தின் கைகள். 2014 மே மாதம் கர்நாடக வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, ஆரம்பப் பள்ளியில் தாய்மொழி வழியை அரசு கட்டாயப்படுத்த முடியாது என்றது; பிள்ளையின் தாய்மொழி எது என்பதைப் பெற்றோரே தீர்மானிக்கலாம் என்றும் சொன்னது. தீர்மானித்துவிட்டோம், மை லார்ட். பட்டறைப் பெண்ணின் மகளுக்குத் தாய்மொழி, தாய்க்குத் தெரியாத மொழி.

இதற்கு நடுவில் மூன்றாவது மொழிச் சண்டை. இருமொழிதான் என்று 1968இல் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. அதில் எனக்குச் சண்டையில்லை, போட்டதும் நல்லதுதான். ஆனால் அந்த இரண்டில் இரண்டாவதை ஐந்தரைப் பதிற்றாண்டு கழித்தும் ஒரு பட்டறைத் தொழிலாளியின் பிள்ளைக்கு உருப்படியாகக் கொடுக்க முடிந்ததா என்று எந்த மேடையிலும் யாரும் கேட்பதில்லை. டெல்லிக்காரர்களோ அதற்கும் மேல். தங்கள் கல்விக்கொள்கையை ஏற்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை என்பதற்காகத் தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்குச் சேர வேண்டிய 2,152 கோடி ரூபாயை நிறுத்தி வைத்தார்கள். அந்த இழுபறியில் 2025இல் இலவச ஒதுக்கீட்டுச் சேர்க்கையே மாதக்கணக்கில் தள்ளிப்போனது. மூன்றாவதைத் திணிக்க ஒருவர், தடுக்க ஒருவர். இரண்டாவது வரவில்லை. முதலாவதைப் பள்ளி வாசலில் செருப்போடு கழற்றி விட்டாயிற்று. உயிரைக் கொடுத்தும் தமிழைக் காப்போம் என்று மைக்கைப் பிடித்து முழங்குகிறவர்களின் பேரப்பிள்ளைகள் எந்தப் பாடத்திட்டத்தில் படிக்கிறார்கள் என்று ஒரு பட்டியல் எடுத்தால், கட்சிகள் எல்லாம் அதிசயமாக ஒற்றுமைப்பட்டுவிடும்.

சரி, பெற்றோருக்குத் தெரியாத மொழியைச் சின்னப் பிள்ளை கற்றுக்கொள்ளவே முடியாதா? யார் சொன்னது? தொழிற்பேட்டைக்கு எதிரே டீக்கடைக்குப் போனேன். வடக்கேயிருந்து வேலைக்கு வந்த ஒருவரின் பையன், ஏழு வயது இருக்கும், கோலி விளையாடிக்கொண்டிருந்தான். "யோவ், அது செல்லாது, நா ஒத்துக்க மாட்டேன்" என்று எங்கள் ஊர்ப் பையன்களோடு மல்லுக்கட்டினான். அப்பாவிடம் திரும்பி அவர் மொழியில் ஏதோ கேட்டான். டீக்கடைக்காரரிடம் திரும்பித் தமிழில் பன் வாங்கினான். அவன் அப்பாவுக்குத் தமிழில் 'எவ்ளோ' என்ற ஒரு சொல்தான் தெரியும். பையனுக்கு யாரும் ரைம்ஸ் சொல்லித்தரவில்லை, டை கட்டவில்லை, வீட்டில் இந்தி பேசாதே என்று அவன் தாய்க்கு யாரும் கடிதம் எழுதவில்லை. விளையாட வேண்டியிருந்தது, தோற்றால் கோலியை இழக்க வேண்டியிருந்தது. மொழி வந்துவிட்டது. எதிரில் இருப்பவன் அந்த மொழியில் வாழ்கிறவனாக இருக்க வேண்டும், அவனிடமிருந்து பிள்ளைக்கு ஏதாவது வேண்டியிருக்க வேண்டும். கோலிக் குண்டு போதும்.

பள்ளிக்கூடத்திலும் நடந்திருக்கிறது. கனடாவில் மாண்ட்ரியலை ஒட்டிய செயின்ட் லாம்பர்ட் என்ற ஊரில் 1965இல் இங்கிலீஷ் பேசும் பெற்றோர் கூடி, தங்கள் பிள்ளைகள் பிரெஞ்சு கற்க வேண்டும், தங்களுக்கோ அது வராது என்று பள்ளி நிர்வாகத்தோடு மோதி ஒரு வகுப்பு தொடங்க வைத்தார்கள். பாலர் வகுப்பிலிருந்து எல்லாமே பிரெஞ்சில். மெக்கில் பல்கலைக்கழகத்து வாலஸ் லாம்பர்ட் வருஷக்கணக்கில் அந்தப் பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்தார். பிரெஞ்சு வந்தது, இங்கிலீஷும் கெடவில்லை. நம் ஊர் இன்டர்நேஷனல்காரர்கள் இதைக் கேள்விப்பட்டால் பேனரே அடிப்பார்கள். ஆனால் மிச்சத்தையும் கேட்க வேண்டும். ஆசிரியர்கள் பிரெஞ்சிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். முதலில் பிள்ளைகள் இங்கிலீஷில்தான் பேசினார்கள்; ஆசிரியர் புரிந்துகொண்டு பிரெஞ்சில் பதில் சொன்னார். அதற்கு அபராதம் இல்லை. வீட்டில் பிரெஞ்சு பேசும்படி யாரும் பெற்றோரை மிரட்டவில்லை. வீடு இங்கிலீஷிலேயே கதை சொல்லிக்கொண்டிருந்தது. இரண்டாம் வகுப்பில் பள்ளியே இங்கிலீஷ் பாடத்தையும் சேர்த்தது. அவர்கள் ஒரு மொழியின் மேல் இன்னொன்றை வைத்தார்கள். நாம் ஒன்றை உருவிவிட்டு அந்த ஓட்டையில் இன்னொன்றைச் செருகப் பார்க்கிறோம்.

உருவினால் என்ன ஆகும் என்பதையும் உலகம் பார்த்திருக்கிறது. நியூசிலாந்தில் மாவோரிப் பிள்ளைகள் பள்ளியில் தம் மொழி பேசியதற்குப் பிரம்படி வாங்கினார்கள். அடி வாங்கியவர்கள் வளர்ந்து, தம் பிள்ளைகளுக்காவது அந்த அடி விழ வேண்டாம் என்று வீட்டில் இங்கிலீஷ் பேசினார்கள். மொழி தாத்தா பாட்டியோடு நின்றுபோகும் நிலை வந்ததும், 1982இல் அவர்களைக் கெஞ்சிக் கூட்டிவந்து, தொட்டில் வயதுப் பிள்ளைகளை அவர்கள் மடியில் உட்கார வைத்து 'கோஹங்கா ரெயோ' என்று மொழிக் கூடுகள் கட்டினார்கள். பெற்றோருக்குத் தெரியாத தாய்மொழியைப் பிள்ளைக்குக் கற்றுத்தரும் கூடுகள். நம் ஊரிலும் அப்படிக் கூடு கட்ட வேண்டிய காலம் வரும்போது, அதையும் ஒரு தாளாளர் தொடங்குவார். 'தமிழ் இம்மர்ஷன்' என்று பெயர் வைப்பார். கட்டணம் இதைவிடக் கூடுதலாக இருக்கும். கதை சொல்லத் தெரிந்த பாட்டிக்குத் தொகுப்பூதியம்.

இதையெல்லாம் கனடாவிலும் நியூசிலாந்திலும் தேடியிருக்கத் தேவையில்லை. பீங்கான் பட்டறையில் எந்தத் தொழிலாளியைக் கேட்டாலும் சொல்லியிருப்பார். களிமண்ணைக் கற்பொடிகளோடு தண்ணீர் விட்டுக் கூழாக அரைத்துப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றுகிறார்கள். அச்சு மெதுவாகத் தண்ணீரைக் குடிக்கும், ஓரத்தில் மண் படியும். மிச்சக் கூழைக் கவிழ்த்துவிட்டால் விளக்கோ கொலுப் பொம்மையோ உள்ளே நிற்கும். காய விட வேண்டும். சுட வேண்டும். பிறகுதான் கிளேஸ் பூசி மறுபடி சூளையில் வைப்பது. ஈரம் போகாததை அவசரப்பட்டு உள்ளே தள்ளினால் வெடிக்கும், பக்கத்தில் இருப்பதையும் சேர்த்து உடைக்கும். இன்னொன்றும் உண்டு. பூச்சும் மண்ணும் ஒத்துப்போகவில்லை என்றால் சூளையை விட்டு வரும்போது பளபளவென்றுதான் இருக்கும். நாள் ஆக ஆக மேலெல்லாம் சிலந்திவலை போல விரிசல் ஓடும். அப்போது மண்ணைத் திட்டுகிற தொழிலாளி கிடையாது. பூச்சைத்தான் மண்ணுக்கேற்ற மாதிரி மாற்றிச் சேர்ப்பார்கள். பள்ளி நடத்துகிறவர்கள் மண்ணைத் திட்டுகிறார்கள். டைரியில் எழுதி, கையெழுத்தும் வாங்குகிறார்கள்.

அந்த மண் என்ன லேசுப்பட்டதா? விருத்தாசலத்தை அடுத்த மணக்கொல்லைக்காரர் கண்மணி குணசேகரன், போக்குவரத்துக் கழகப் பணிமனையில் மெக்கானிக்காக வேலை பார்த்துக்கொண்டே, இந்தப் பக்கத்து மக்கள் வாயில் புழங்கும் சொற்களைப் பொறுக்கிச் சேர்த்து 'நடுநாட்டுச் சொல்லகராதி' என்று ஒரு புத்தகமே போட்டார். கிரீஸ் கையோடு ஒருவர் அகராதி செய்த ஊரில், அந்த அகராதிச் சொல் ஒன்றைச் சொன்னதற்காக ஒரு ஐந்து வயதுக் குழந்தை பெஞ்சு மேல் ஏறி நிற்கிறது. சாகித்திய அகாதமி வாங்கிய இமையம் இங்கேதான் இருக்கிறார். அரசுப் பள்ளி ஆசிரியராக இருந்தவர், இந்த மக்களின் பேச்சை வைத்தே நாவல்கள் எழுதினார். இன்னும் பின்னால் போனால், கடலூர்த் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்து, ஊர்ப் பெயரையே தன் பெயராகச் சுமந்த சொ. விருத்தாசலம் இருக்கிறார், புதுமைப்பித்தன் என்றால்தான் தெரியும். இங்கிலீஷ் வழியாக உலகத்துக் கதைகளையெல்லாம் தமிழுக்கு இழுத்து வந்தவர் அவர். அவருக்கு இரண்டு கரையும் இருந்தது, அதனால் பாலம் போட முடிந்தது. நாம் பிள்ளைகளைக் கரை ஒன்றுமே இல்லாமல் நடு ஆற்றில் இறக்கிவிட்டு நீந்து என்கிறோம்.

பட்டறையில் அந்தப் பெண் இன்னும் நின்றுகொண்டிருந்தார். கதை சொல்லுங்கள் என்றேன். உங்கள் ஆயா சொன்ன அத்தனையும் சொல்லுங்கள், தமிழ் டிவியும் பார்க்கட்டும், வீட்டில் நீங்கள் பேசுகிற மாதிரியே பேசுங்கள், இங்கிலீஷை ஒழுங்காகச் சொல்லிக்கொடுப்பது அவர்கள் வேலை, அதற்குத்தான் காசு வாங்குகிறார்கள் என்றேன். பெரிய உண்மையைச் சொல்லிவிட்ட திருப்தி எனக்கு. அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"அதெல்லாம் சரி சார். நாளைக்கு டைரி பாப்பாங்க. வூட்டுல இங்கிலீஷ்தான் பேசறோம்னு நீங்களே நாலு வரி எழுதிக் குடுத்துடுங்க. இல்லன்னா புள்ளய வெளிய நிக்க வப்பாங்க."

எழுதிக் கொடுத்தேன். எழுத்துப்பிழை இல்லாமல், இலக்கணச் சுத்தமாக, ஒரு பொய். கீழே கையெழுத்துக்கு இடம் விட்டேன். அவர் பேனாவை வாங்கித் தன் பெயரைத் தமிழில் எழுத ஆரம்பித்தார். அரசுப் பள்ளியில் பத்தாவது வரை படித்த, குண்டு குண்டான அழகான கையெழுத்து. இரண்டு எழுத்து முடிந்திருக்கும். உடைந்த விளக்குகளை அடுக்கி விளையாடிக்கொண்டிருந்த மகள் ஓடி வந்து பேனாவைப் பிடித்துக்கொண்டாள்.

"மம்மி, நோ! இங்கிலீஷ்ல போடு. தமிழ்ல போட்டா ஃபைன்."

போட்ட இரண்டு எழுத்தை அடித்துவிட்டார். பிள்ளை ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லச் சொல்ல, அம்மா தன் பெயரை வரைந்தார். நடுவில் ஓர் எழுத்துத் தவறு. நான் திருத்தவில்லை. முடித்ததும் பிள்ளை டைரியைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தது, மிஸ் மாதிரியே தலையை ஆட்டியது.

"வெரி குட். சிட்."

அவர் போய் விளக்குகளுக்கு முன்னால் உட்கார்ந்தார்.